ஓட்டுவதென்றால் ஒழுங்காக ஓட்டுங்கள்: பூங்கா முதலாளிகளுக்கு ஒரு ஃபிட்டரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குதாரர்களுக்கு,

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, மதுரையில் இருக்கும் நம் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பின்வாசல் வழியாக வேலைக்கு வந்தேன். அலைக்குளத்துக்குப் பக்கத்தில் நான்கு பேர் சர்வே மெஷினை நிறுத்தி அளந்துகொண்டிருந்தார்கள். யாரென்று கேட்டதற்கு, "ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் வந்திருக்கோம்ணே" என்றார்கள். மதியத்துக்குள் வேப்பமரங்களில் சிவப்புப் பெயின்டில் எண் எழுதிவிட்டார்கள். குட்டி ரயில் தண்டவாளத்துக்கு நடுவே ஒரு கல்லும் நட்டாயிற்று.

மறுநாள் டைம் ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும் பூங்கா திறக்கும். ஊழியர்கள் சுழற்சி முறையில் வர வேண்டும். ஓர் ஆபரேட்டர் இரண்டு ரைடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் நடக்கும் பராமரிப்புச் சோதனை இனி வாரம் ஒருமுறை. கீழே முத்திரை இருந்தது, கையெழுத்து இல்லை.

மேனேஜரிடம் போய்க் கேட்டோம். "எனக்கு மேலேயிருந்து வந்தது, அவ்வளவுதான் தெரியும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். மேலே இருப்பவர்கள் நீங்கள். அதனால்தான் இதை உங்களுக்கே எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், ஜனவரியிலிருந்து நாங்கள் கொடுத்த மூன்று மனுக்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை.

நான் 2002-ல் ஹெல்பராகச் சேர்ந்தேன். ஊர் மேலூர்ப் பக்கம். என் வயதுப் பையன்கள் எல்லாம் கிரானைட் குவாரிக்குப் போன காலம் அது. எங்கள் வீட்டில் மட்டும், தூசி வேண்டாம், ராட்டினத்து வேலைக்கே போ என்று அனுப்பினார்கள். இங்கே வேலை பார்த்த பெண்ணைத்தான் கல்யாணம் செய்தேன். அவர் இன்றும் உடை வாடகைக் கவுண்டரில் நிற்கிறார். எங்கள் வீட்டில் வேகும் சோறு முழுக்க இந்தப் பூங்காவின் சோறு. 2012-ல் குவாரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, நேற்றுவரை சம்பளம் வாங்கியவர்கள் மறுநாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். அங்கே தவறு நடந்தது, மூடினார்கள், அது வேறு விஷயம். ஆனால் அந்த ஆட்களிடம் யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே நிலைமை இப்போது எங்களுக்கு வந்திருக்கிறது.

பூங்கா நஷ்டத்தில் ஓடுகிறது என்று உங்கள் தரப்பில் சொல்கிறார்கள். எங்களுக்குக் கணக்குப் புத்தகம் தெரியாது. ஆனால் எங்கே அடி விழுந்தது என்று தெரியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எங்கள் மாதிரி இடங்களுக்கு 28 சதவீதம் போட்டார்கள். டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு வாசலோடு வண்டியைத் திருப்பிய குடும்பங்களை என் மனைவி கவுண்டரில் இருந்தபடியே பார்த்திருக்கிறார். 2018 ஜனவரிக் கடைசியில் அது 18 ஆனது. மூச்சு விட்டோம். அப்புறம் 2020 மார்ச்சில் கொரோனா. நவம்பர்வரை பூட்டு. அடுத்த வருடம் சீசன் நேரத்தில் மறுபடியும் பூட்டு. அந்த நாட்களில் அரைச் சம்பளத்துக்கு ஐந்து பேர் உள்ளேயே தங்கினோம். மோட்டார் ஜாம் ஆகிவிடக் கூடாது என்று வாரம் ஒருமுறை ஒவ்வொரு ரைடையும் ஆளில்லாமல் ஓட்டி நிறுத்தினோம். ஊஞ்சல் மாதிரி வீசி ஆடுகிற கொலம்பஸ் கப்பல், காலியாக இருட்டில் ஆடும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பழைய முதலாளி, நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுபவர், அப்போது உயிரோடு இருந்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்து, "பேரிங்குக்கு கிரீஸ் வச்சியாப்பா?" என்று கேட்பார். அந்த நஷ்டமெல்லாம் உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் இப்போது செய்வதை நான் நஷ்டம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏப்ரலும் மேயும் எங்களுக்கு அறுவடை மாதங்கள். பரீட்சை முடிந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பரமக்குடி, அருப்புக்கோட்டை, உசிலம்பட்டி, தேனியிலிருந்து வேன் வேனாக வருவது வார நாட்களில்தான். சனி ஞாயிறு கூட்டமாக இருக்கும், செவ்வாய் புதன் வந்தால் வரிசை இருக்காது என்று வருகிறவர்களுக்கே தெரியும். சித்திரைத் திருவிழா பார்க்க வந்து, அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் ஊர் திரும்பும் வழியில் நம் வாசலில் வண்டியை நிறுத்துகிற குடும்பங்கள் எத்தனை! அந்த இரண்டு மாதத்தில் வார நாட்களை அடைத்துவிட்டு, வருடக் கடைசியில் வசூலைக் காட்டி, "பாருங்கள், ஆள் வரவில்லை" என்று சொன்னால் அது எப்படி நியாயமாகும்? தண்ணீரை நிறுத்திவிட்டுப் பயிர் காய்ந்துவிட்டது என்று சொல்வது போல இருக்கிறது.

இனி நான் எழுதப்போவது சம்பளத்தைப் பற்றி அல்ல. தயவுசெய்து இந்தப் பகுதியை வேகமாகப் புரட்டிவிடாதீர்கள்.

கொலம்பஸ் கப்பலைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. "ரிப்பேர், பார்ட்ஸ் கிடைக்கவில்லை" என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நடந்தது இது. இந்த வருடம் காணும் பொங்கலுக்கு முதல் நாள், கப்பலைத் தாங்கும் கையின் வெல்டிங்கில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஓடும்போது மேலே போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு சின்னச் சத்தம். மற்றவர்களுக்குக் கேட்காது. பத்து வருடம் அதன் கீழே நின்றவனுக்குக் கேட்கும். வெல்டைத் துடைத்துவிட்டு, சிவப்புச் சாயத்தை ஸ்பிரே செய்து, ஊற விட்டு, மறுபடி சுத்தமாகத் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பரை அடித்தேன். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் அந்த வெள்ளையில் கசிந்து மேலே வரும். வந்தது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.

"நாளைக்குக் காணும் பொங்கல், மேலே ஒரு வெல்டைப் போட்டு ஓட்டு, அப்புறம் பார்ப்போம்" என்று சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். விரிசலை முழுக்கக் கடைந்து எடுக்காமல் மேலே வெல்ட் போட்டால், அது புண்ணை மூடித் தைத்த மாதிரி. உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். மறுநாள் கூட்டம் கப்பலுக்கு முன்னால் நின்று சத்தம் போட்டது. டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்கள். நான் சங்கிலியைக் கட்டிவிட்டு அங்கேயே நின்றேன். அதற்கு எனக்கு மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். பிடித்ததில் எனக்கு வருத்தம் இருக்கிறது. நிறுத்தியதில் இல்லை.

பெரியவர் காலத்தில் ஒரு பழக்கம் இருந்தது. காலை எட்டரைக்கு ஒவ்வொரு ரைடிலும் மணல் மூட்டைகளை வைத்து ஒரு சுற்று. பிறகு நாங்கள் ஏறி ஒரு சுற்று. அவர் ஊரில் இருந்தால் அவரும் எங்களோடு ஏறி உட்காருவார். "ஊரான் பிள்ளை ஏறுறதுக்கு முன்னாடி நாம ஏறணும்டா" என்பார். உங்களில் இளையவர் பள்ளி விடுமுறையில் வந்து என்னிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் அப்பிக்கொண்டு போய் வீட்டில் திட்டு வாங்கியது அவருக்கு நினைவிருக்கலாம். தம்பி, நீங்கள் அன்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள்: "நட்டு நல்லாத்தானே இருக்கு, ஏன் தினமும் தொட்டுப் பார்க்கிறீங்க?" ஆடுகிற இயந்திரத்தில் நேற்று இறுக்கியது இன்று இறுக்கமாக இருக்கும் என்று நம்பக் கூடாது என்று அன்று சொன்னேன். இன்று அதே தினசரிச் சோதனையைத்தான் உங்கள் தாள் வாரம் ஒருமுறை என்று மாற்றியிருக்கிறது. ஐந்து நாள் நிற்கிற ரைடுக்குச் சோதனை குறைவாகப் போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நேர் எதிர். நிற்கிற இரும்பில் துரு ஏறும், வயரை எலி கடிக்கும், ஹைட்ராலிக் சீல் காய்ந்து வெடிக்கும். நின்று ஓடுகிற வண்டிக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

2016-ல் சென்னைப் பக்கத்துப் பூங்கா ஒன்றில் சோதனை ஓட்டத்தின்போது ரைடு உடைந்து விழுந்து ஊழியர் ஒருவர் இறந்தார். பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. முதல் சுற்றில் ஏறுகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு அடுத்து ஏறுவது குழந்தைகள்.

இப்போது உதிரிபாகம் கேட்டால், நின்றுபோன ரைடிலிருந்து கழற்றி ஓடுகிற ரைடில் மாட்டச் சொல்கிறார்கள். டோரா டோரா ராட்டினத்தின் பூட்டுக்கம்பி இன்று பிரேக் டான்ஸ் ராட்டினத்தில் இருக்கிறது. டாஷிங் கார்களில் பாதிக்கு மேல் ரப்பர் வளையம் இல்லை. தண்ணீர்ச் சறுக்குகளில் ஃபைபர் இணைப்புகளுக்கு நடுவே இருக்கும் சீலன்ட் வெயிலில் வெடித்து, விளிம்பு கத்தி மாதிரி நிற்கிறது. போன மாதம் ஒரு பையனின் முதுகில் தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை கோடு கிழித்துவிட்டது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இல்லை. என் மனைவி தன் முந்தானையைக் கிழித்துத் துடைத்தார்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையில் தண்ணீரை வைத்து விளையாட்டா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் குளத்துத் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவதில்லை. மணல் ஃபில்டர் வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. வெயிலில் ஆவியாவதும், ஃபில்டரை எதிர்ப்பக்கமாக அலசும்போது போவதும்தான் இழப்பு. அந்த அலசு தண்ணீரைக் குளோரின் அடங்கும்வரை தொட்டியில் நிறுத்தி மரங்களுக்கு விட்டோம். இன்று நீங்கள் எண் போட்டிருக்கும் வேம்புகள் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவை. அந்த ஃபில்டரில் மணல் மாற்றி எத்தனையோ வருடம் ஆயிற்று. குளோரின் அளந்து போட்ட காலம் போய், இருப்பதைத் தூவுகிறோம். பிள்ளைகள் கண் சிவந்து வெளியே வந்தால், குளோரின் கூடிப்போச்சு என்று பெற்றோர் திட்டுகிறார்கள். பெரும்பாலும் விஷயம் தலைகீழ். குளோரின் போதாமல், இருக்கிற கொஞ்சமும் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போவதால் வருகிற எரிச்சல் அது. இதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த இடம் எதற்காக இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்துவிட்டார்கள். அதோடு நாம் போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் கட்டுச்சோறோடு காலையில் பஸ் ஏறி வந்து, சாயங்காலம் ஈரத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு வீடு போய்ச் சேர முடிகிற தூரத்தில் இருப்பது நாம்தான். அலைக்குளத்தின் சுவருக்குப் பின்னால் புளோயரைப் போட்டு அறைகளுக்குள் காற்றை அழுத்துவோம். அது தண்ணீரைத் தள்ளும். முதல் அலை கிளம்பும்போது எழும் கூச்சலை மெஷின் ரூமுக்குள் இருந்தே கேட்பேன். ஒருமுறை எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, "ஆத்தி, இம்புட்டுத் தண்ணியா!" என்று அழுதுவிட்டார். கண்மாய் நிறைந்து பார்த்து எத்தனை வருடமாயிற்றோ அவருக்கு. சேலையோடு இறங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அன்று யாரும் அவரை வெளியே வரச் சொல்லவில்லை.

வழியே இல்லை என்றால் நாங்களும் பேசாமல் இருப்போம். வழி இருக்கிறது. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. அதே வருடம் ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. வெளிமாவட்டப் பள்ளிகள் இந்த இரண்டுக்கும் பிள்ளைகளைக் கூட்டி வருகின்றன. மதியத்துக்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பிப் போகும் பஸ்கள் நம் சாலை வழியாகத்தான் போகின்றன. மதியம் ஒரு மணிக்குமேல் பள்ளிகளுக்கு என்று குறைந்த விலையில் தனி டிக்கெட் போடலாம் என்று டிக்கெட் கவுண்டர் பெண்களே கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் உங்கள் மேஜைக்கு வந்ததா என்பதே எங்களுக்குத் தெரியாது.

இனி நாங்கள் கேட்பதைச் சொல்கிறேன்.

முதலில், அந்தத் தாளைக் கிழியுங்கள். தினசரிச் சோதனையும், ஒரு ரைடுக்கு ஓர் ஆபரேட்டர் என்பதும் நாளையே திரும்ப வர வேண்டும். இந்திய அரசின் தர நிறுவனம் ரைடுகளுக்கென்றே ஐ.எஸ். 15475 என்று ஒரு தரநிலை வைத்திருக்கிறது. அதன்படி வெளியிலிருந்து ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து எல்லா ரைடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எழுதிக் கொடுத்ததை ஒவ்வொரு ரைடின் வாசலிலும் ஒட்டுங்கள். அதுவரை கொலம்பஸ், பிரேக் டான்ஸ், இரண்டு பெரிய சறுக்குகள் ஆகிய நான்கையும் நிறுத்தி வையுங்கள். வசூல் போனாலும் பரவாயில்லை. நான்கில் எதையும் நான் இனி ஓட்டமாட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவதாக, பூங்காவை நடத்தப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மேனேஜரை அனுப்ப வேண்டாம். நடத்துவது என்றால் இந்த ஏப்ரல், மே மாதங்களில் ஏழு நாளும் திறக்க வேண்டும். ஃபில்டர் மணலும், சறுக்குகளின் இணைப்பும், உதிரிபாகமும் சீசனுக்கு முன்னால் வந்தாக வேண்டும். வேறொருவருக்குக் குத்தகைக்கு விடுவதாக இருந்தாலும் சரி. பாதுகாப்பையும் எங்கள் வேலையையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுக் கொடுங்கள்.

விற்பது என்றே முடிவெடுத்திருந்தால், நிலம் உங்களுடையது, தடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. எங்களுக்குச் சேர வேண்டியதில் உரிமை இருக்கிறது. 1972-லேயே பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் வந்துவிட்டது. 2025 நவம்பரில் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது. ஐந்து வருடம் முடித்தவருக்கு, உழைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். எங்களை நேரடி ஊழியர் பட்டியலிலிருந்து எடுத்து ஒப்பந்தக்காரர் பெயரில் மாற்றிய தேதியிலிருந்து அதைக் கணக்கிடக் கூடாது. இந்த வாசலுக்குள் முதலில் கால் வைத்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். பி.எஃப். கணக்கை இப்போது கைபேசியிலேயே பார்க்க முடிகிறது. போன தீபாவளியிலிருந்து எங்களில் பலருக்கு ஒரு ரூபாயும் ஏறவில்லை, சம்பளத்தில் மட்டும் பிடித்திருக்கிறார்கள். நிலத்துக்கு முன்பணம் வாங்குவதற்கு முன்னால் அதைக் கட்டுங்கள். எல்லோருக்கும் அனுபவச் சான்றிதழ் கொடுங்கள். ஐம்பது வயதில் வேறு வாசலில் போய் நிற்பவனுக்கு அந்த ஒரு காகிதம்தான் துணை.

அப்புறம் மரங்கள். இவ்வளவு பெரிய இடத்தை மனைப்பிரிவாக்கினால், சாலைகள் போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக விட்டாக வேண்டும் என்பது விதி. வழக்கமாக எந்த மூலை விலை போகாதோ அதைத்தான் விடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். குட்டி ரயில் சுற்றி வரும் வேப்பந்தோப்பை அந்தப் பத்தில் ஒரு பங்காக விடுங்கள். தண்டவாளத்தையும் ரயிலையும் அங்கேயே விட்டுவிடுங்கள். என்ஜினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் கேட்கமாட்டேன். அந்த வேம்புகளில் எட்டைப் பெரியவர் கையால் வைத்தார். எந்த எட்டு என்று காட்டத் தெரிந்தவர்கள் இப்போது இரண்டே பேர்தான் இங்கே இருக்கிறோம். சிவப்புப் பெயின்டை மண்ணெண்ணெய் போட்டு அழித்துப் பார்த்தோம், போகவில்லை.

அடுத்த புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாங்கள் எல்லோரும் கேண்டீனில் இருப்போம். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், துப்புரவு வேலை பார்க்கும் அம்மாக்கள் எல்லோரும். கோஷம் இருக்காது, கொடி இருக்காது. நீங்கள் மூன்று பேரும் நேரில் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அன்று வர முடியாது என்றால், என்றைக்கு வருவீர்கள் என்று தேதி போட்டு, அந்தப் பலகையில் உங்கள் கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
2002-லிருந்து உங்கள் பூங்காவின் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் ஃபிட்டர்